சூரியனும் கந்தோர்க் கடிகாரமும்
நோன்பாளியின் வேலைநாள் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

ரமழான் நெருங்கும்போது புடைவைக் கடைகளும் நகைக் கடைகளும் பள்ளிவாசல்களும் ஸஹர், இப்தார் நேர அட்டைகளை அச்சிட்டு வழங்குவது நமது நாட்டில் நெடுநாள் வழக்கம். பெருநாள் முடிந்ததும் அவை குப்பைக்குப் போய்விடும். எதையும் எறிய மனம் வராத எனது பழக்கத்தால் அவற்றில் சில பழைய கோவையொன்றில் தங்கிவிட்டன. சென்ற ஆண்டு அவற்றை ஒழுங்குபடுத்திக் கொண்டிருந்தபோது இரண்டு அட்டைகள் கையில் தட்டுப்பட்டன. இரண்டும் கொழும்புக்குரியவை, இரண்டும் ஜனவரி மாத நோன்புக்குரியவை. 1996ஆம் ஆண்டு அட்டையில் மஃரிப் ஆறேகால் மணியளவில் இருக்கிறது. 1997ஆம் ஆண்டு அட்டையில் ஆறு நாற்பதை நெருங்குகிறது. ஒரே ஊர், ஒரே பருவம், ஏறத்தாழ அரை மணித்தியால வித்தியாசம்.

எனது பேரன் அதைப் பார்த்துவிட்டு, "மூத்தாப்பா, இதில ஒண்டு பிழையா அச்சாகியிருக்கு" என்றான். பிழையில்லை. சூரியன் தன் வேளைக்குத்தான் மறைந்தது. நாம்தான் கடிகாரத்தை மாற்றியிருந்தோம்.

இந்தக் கட்டுரைக்கு அந்த அட்டைகளே காரணம். நோன்பின் மாண்பு பற்றியும் ஸகாத்தின் கடமை பற்றியும் நம்மவர் நிறைய எழுதியிருக்கின்றனர். ஆனால் நோன்பு பிடித்துக்கொண்டு வயல் வெட்டியவர், கோவை சுமந்தவர், கடை திறந்தவர், அடுப்பு மூட்டியவர் அந்தப் பகலை எப்படிக் கடந்தனர் என்பது, நான் வாசித்த அளவில், வரலாறாக எழுதப்பட்டது குறைவு. நான் ஆய்வாளன் அல்லன்; அரசாங்கக் கந்தோர்களில் லிகிதனாகக் காலம் கழித்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நமக்கு வாய்த்த சூரியன்

முதலில் ஒரு நன்மையைச் சொல்ல வேண்டும். பூமத்திய ரேகைக்கு அண்மையில் வாழும் நமக்கு, நோன்பு எந்த மாதத்தில் வந்தாலும் அதன் நீளம் பெரிதாக மாறுவதில்லை. டிசம்பரில் ஏறத்தாழ 13 மணித்தியாலம். ஜூனில் 14 மணித்தியாலத்தை நெருங்கும். கூடினால் ஒரு மணித்தியால வித்தியாசம். ஐரோப்பாவின் வடபகுதியில் வாழும் நமது பிள்ளைகள் ஜூன் மாதத்தில் 18 மணித்தியாலத்துக்கும் மேலாக நோன்பு பிடிக்கிறார்கள். அதே பிள்ளைகளுக்கு டிசம்பர் நோன்பு பிற்பகல் நான்கு மணியளவில் முடிந்துவிடுகிறது. அந்தச் சோதனை நமக்கில்லை.

ஆகவே நமது நாட்டு நோன்பாளியின் கஷ்டத்தையும் வசதியையும் தீர்மானித்தது சூரியன் அல்ல. எந்த வேலை, எந்த நேரத்தில், யாருடைய கட்டளையின் கீழ் என்பதே தீர்மானித்தது. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட 11 நாட்கள் அளவில் குறைந்தது. அதனால் ரமழான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. அறுபது, எழுபது வயது வாழ்ந்த ஒருவர் விதைப்பிலும் நோன்பு பிடித்திருப்பார், அறுவடையிலும் பிடித்திருப்பார். கச்சானிலும் பிடித்திருப்பார், வாடையிலும் பிடித்திருப்பார்.

வேலைக்கும் நோன்புக்குமான இந்த இழுபறி புதியதும் அல்ல. நோன்பு கடமையாக்கப்பட்டது ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில். பத்ருப் போர் நிகழ்ந்ததும் அதே ஆண்டு ரமழானில்தான். ஹிஜ்ரி 8இல் மக்காவை நோக்கிப் புறப்பட்ட நபியவர்கள் (ஸல்) நோன்புடன் புறப்பட்டு, வழியில் நோன்பை விட்டார்கள் என்பதும் ஹதீஸ் நூல்களில் உள்ளது. பயணிக்கும் நோயாளிக்கும் பிறகு கணக்கை நிறைவு செய்யும் சலுகையை அல்குர்ஆனே வழங்குகிறது. அதாவது கடமையும் சலுகையும் ஒன்றாகவே இறங்கின. அந்தச் சலுகை நாளாந்தத் தொழிலாளிக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே பின்னர் வந்த கேள்வி.

1959, 1992, 2025

எங்கள் ஊர் கிழக்கிலங்கையின் கரையோரத்தில் உள்ளது. மேற்கே வயல் வட்டைகள். எங்களுக்கு வேளாண்மை என்றால் நெல்தான். மாரிப் போகத்து அறுவடை மாசி, பங்குனியில் வரும்.

1959இல் ரமழான் மார்ச் மாதத்தில் வந்தது. எனக்கு அப்போது பத்து வயது. அந்த ஆண்டுதான் முதன்முதலாக எல்லா நோன்பையும் பிடிக்க முயன்றேன். ஆறோ ஏழோ தப்பிப்போயின. வாப்பாவுக்கு நாலு ஏக்கர் காணி. வெட்டுக்காரர் ஸஹர் முடித்து, வட்டை வாடியிலேயே ஸுபஹைத் தொழுதுவிட்டு, கிழக்கு வெளுக்கும்போதே வயலில் இறங்கிவிடுவார்கள். பத்து மணியளவில் கரையேறி மரநிழலில் படுப்பார்கள். அஸருக்குப் பின்னர் மீண்டும் கொஞ்சம் வெட்டு. உப்பட்டிகளைச் சுமந்து சேர்ப்பதும் களவெட்டியில் எருமைகளை விட்டுச் சூடடிப்பதும் இரவு வேலையாயின. தராவீஹ் தொழுகைக்கு ஊருக்கு வந்து திரும்பியவர்களும் உண்டு. களவெட்டி ஓரத்தில் பாய் விரித்துத் தொழுதவர்களும் உண்டு. அந்த மாதத்தில் பகலை இரவாகவும் இரவைப் பகலாகவும் புரட்டிப் போட்டுக்கொண்டார்கள். கட்டளையிட எந்தக் கந்தோரும் இருக்கவில்லை. வயல் அவர்களுக்கு அவ்வளவு சுதந்திரம் கொடுத்தது.

ஆனாலும் ஒரு நாள் வெட்டுக்காரர் ஒருவர் வரம்பில் சுருண்டு விழுந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அவர் வாய் திறக்க மறுத்துவிட்டார். வாப்பா ஆளனுப்பி ஊர் ஹஸரத்தை அழைத்து வந்தார். ஹஸரத் வரம்பில் குந்தியிருந்து சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "இரவு நிய்யத்து வைத்தாயா? வைத்தாய். நோன்போடு வேலைக்கு வந்தாயா? வந்தாய். இப்ப உடம்பு ஏலாதெண்டுது. குடி. பிறகு ஒரு நாள் கழாச் செய்."

அது அவர் தம் சொந்தக் கருத்தாகச் சொன்னதல்ல என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகே அறிந்தேன். நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் அறுவடை செய்வோர் தனியாகவே குறிப்பிடப்படுகின்றனர். வேலை கடினமென்று முன்கூட்டியே நோன்பை விட்டுவிடக் கூடாது. இரவில் நிய்யத்து வைத்துப் பகலை நோன்பாளியாகத் தொடங்க வேண்டும். தாங்க முடியாத கஷ்டம் வந்தால் மட்டும் விடலாம் என்பது அதன் சாரம். சட்டம் வகுத்தவர்கள் வெயிலில் நிற்கும் மனிதனை மனதில் கொண்டே வகுத்திருக்கிறார்கள்.

ஹஸரத் போகும்போது வாப்பாவை ஒருபுறம் அழைத்து இன்னொன்றும் சொன்னார். நோன்பாளியிடம் முழு நாள் வெட்டு வாங்குவது காணிக்காரனுக்கு அழகல்ல என்றார். அடுத்த நாளிலிருந்து வாப்பா அஸருக்குப் பிந்திய வெட்டை நிறுத்திவிட்டார். கூலியைக் குறைக்கவில்லை. அறுவடை நாலு நாள் பிந்தியது.

33 ஆண்டுகள் கழித்து, 1992இல், மீண்டும் மார்ச் மாதத்தில் ரமழான். எருமைகளின் இடத்தை உழவு இயந்திரம் பிடித்திருந்தது. ஆனால் இரவில் வட்டைக்குப் போக முடியாத காலம் அது. 1990ஆம் ஆண்டின் படுகொலைகளுக்குப் பிறகு ஊருக்கு அப்பாலுள்ள காணிகளைப் பலர் எட்டிப் பார்க்கவே அஞ்சினர். வெட்டுக்காரர் நன்றாக விடிந்த பின்னர் போய், பொழுது சாய முன்னர் திரும்ப வேண்டியிருந்தது. அதாவது வெயில் ஏறிய வேளையே வேலை வேளையாயிற்று. 1959இல் நோன்பாளியைக் காத்த இரவை யுத்தம் பறித்துக்கொண்டது. வடக்கிலிருந்து 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நம் மக்களுக்கோ காணியும் இல்லை, அறுவடையும் இல்லை. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் நிவாரண அரிசியில் கஞ்சி காய்ச்சி நோன்பு துறந்தார்கள்.

2025இல் மூன்றாவது முறையாக மார்ச் மாத அறுவடையில் ரமழான் வந்தது. வாப்பாவின் காணி இப்போது தம்பியின் மகனிடம் இருக்கிறது. அறுவடை இயந்திரம் சில மணித்தியாலங்களில் வெட்டி, அடித்து, மூடைக்குத் தயாராக்கிவிட்டது. நோன்பாளியின் பாரம் இலகுவாயிற்று. வெட்டுக்காரரின் தொழிலும் போயிற்று.

நகர்ந்த கடிகாரம்

எங்கள் ஊரில் பொழுது கொழும்பைவிட ஏழெட்டு நிமிடம் முன்னதாகவே சாயும். அதனால் வானொலியில் ஒலிக்கும் கொழும்பு அதானுக்குக் காத்திராமல் பள்ளிவாசல் நகராவுக்கே காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். கடிகாரம் ஊருக்கு ஊர் வேறாக இருந்த காலம் 1906இல் முடிந்தது. அந்த ஆண்டு கிரீனிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பொது நேரம் இலங்கை முழுவதற்கும் வந்தது.

அந்த நேரம் இருமுறை நகர்ந்திருக்கிறது. முதலாவது, இரண்டாம் உலக யுத்தத்தின்போது. 1942 ஜனவரியில் அரை மணித்தியாலமும் செப்டம்பரில் இன்னோர் அரை மணித்தியாலமுமாகக் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள். 1945 ஒக்டோபர் வரை அப்படியே இருந்தது. 1942, 43, 44, 45 ஆகிய நான்கு ஆண்டுகளின் நோன்பும் இந்த முந்திய நேரத்திலேயே கழிந்தன. புறக்கோட்டைக் கடையொன்றில் சிப்பந்தியாக இருந்த என் மாமா, "ஏழு மணி தாண்டித்தான் நோன்பு துறப்போம்" என்று சொல்லும்போது சிறு வயதில் நான் நம்பியதில்லை. மாமா கடிகாரத்தைச் சொன்னார். நான் சூரியனை நினைத்தேன். ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பில் குண்டு போட்ட அதே ஆண்டில் அரிசிப் பங்கீடும் வந்தது. கூப்பன் அரிசியில் கஞ்சிக்கென்று ஒரு பிடியை எடுத்து வைத்த கதையையும் மாமா சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது நகர்வு 1996இல். வரட்சியால் நீர்மின் உற்பத்தி வீழ்ந்து நாடு மின்வெட்டில் தவித்தபோது, மே 25ஆம் திகதி கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே போயிற்று. ஒக்டோபரில் அதில் பாதி திரும்பியது. மிகுதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை நிலைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே இருந்ததால் ஒரே நாட்டில் இரண்டு நேரங்கள் நடமாடின. 1997 ஜனவரி நோன்பு தொடக்கம் 2005 ஒக்டோபர் நோன்பு வரை பத்து ரமழான்கள் இந்தப் புதிய நேரத்தில் வந்தன. என் கையிலிருந்த இரண்டாவது அட்டை அவற்றில் முதலாவதற்குரியது.

இந்த அரை மணித்தியாலம் கந்தோர்க்காரனுக்கு என்ன செய்தது என்பதை நான் அனுபவித்தவன். கந்தோர் நாலேகாலுக்கு முடியும். பழைய நேரத்தில், நவம்பர் மாதமென்றால், ஆறு மணிக்கு முன்பே நோன்பு துறந்துவிட வேண்டும். பஸ்ஸுக்கு நின்று, நெரிசலில் தொங்கி, வீட்டு வாசலை அடையும்போது அதான் சொல்லிவிடும். புதிய நேரத்தில் ஆறு இருபதாகிவிட்டதால் ஆறுதலாகப் போய்ச் சேர முடிந்தது. ஐந்து மணிக்குப் பின் வேலை முடியும் தனியார் நிறுவன ஊழியருக்கு அது இன்னும் பெரிய உதவி. ஸஹரும் ஐந்தேகால், ஐந்தரை மணி வரை நீண்டதாகத் தோன்றியது. பட்டினி கிடந்த நேரம் ஒரு நிமிடமும் குறையவில்லை. வேலைநாள் மட்டுமே சூரியனுக்குக் கீழே அரை மணித்தியாலம் நகர்ந்திருந்தது. நம்மை எண்ணிச் செய்யாத ஒரு மாற்றம் பத்து ஆண்டுகள் நமக்கு வசதியாக இருந்தது. 2006 செப்டம்பரில் நோன்பு தொடங்கியபோது பழைய நேரம் வந்துவிட்டது. நானும் பஸ்ஸில் பேரீச்சம்பழத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகும் பழக்கத்துக்குத் திரும்பினேன்.

பிறையோடு நடந்த வாரம்

இன்னொரு விசித்திரமான காலத்தையும் நமது இளைஞர்கள் அறிய வேண்டும். 1966 தொடக்கம் 1971 வரை இந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாளாக இருக்கவில்லை. டட்லி சேனாநாயக்க அரசாங்கம் வார விடுமுறையைப் போயா தினங்களுக்கு மாற்றியது. அமாவாசை, பூரணை, இரண்டு அரைப்பிறைகள் ஆகிய நான்கு போயாக்களும் அவற்றுக்கு முந்திய நாட்களும் சனி, ஞாயிறின் இடத்தைப் பிடித்தன. சிலவேளை ஐந்து நாள் வேலை, சிலவேளை ஆறு நாள். வெளிநாட்டு வணிகத்துக்கு ஒத்துவராமல், 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டத்தோடு பழைய வாரம் திரும்பியது. பூரணைப் போயா மட்டும் விடுமுறையாக நிலைத்தது.

1970இல் நான் சேவையில் சேர்ந்தபோது அந்த முறையின் கடைசிக் காலம். நவம்பரில் ரமழான். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். போயாவும் பிறையைப் பார்த்தே வருகிறது; நோன்பும் பிறையைப் பார்த்தே வருகிறது. எனவே விடுமுறை நாட்கள் நோன்பின் ஏறத்தாழ 7, 14, 21, 28ஆம் நாட்களை ஒட்டியே விழுந்தன. பௌத்தர்களுக்காக வகுக்கப்பட்ட நாட்காட்டி, ஐந்து ரமழான்களுக்கு, நமது மாதத்தோடு கால் பதித்து நடந்தது.

எங்கள் பிரதம லிகிதர் போயா தோறும் சில் எடுப்பவர். நண்பகலுக்குப் பின் உண்ணாமலிருப்பது என்னவென்று அறிந்தவர். முதல் நோன்பன்று என்னை அழைத்து, கணக்குக் கூட்டும் வேலையையெல்லாம் காலையில் முடித்துக்கொள்ளுமாறும் பிற்பகலில் கோவைகளை அடுக்கினால் போதுமென்றும் சொன்னார். பதிவேட்டு அறையில் அலுமாரிக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்க இடம் காட்டினார். "நானா, தொழும்போது கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். யாரும் தேடினால் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அவருக்கு அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவைப்படவில்லை.

சுற்றறிக்கைகள் தருவதும் எடுப்பதும்

பிற்காலத்தில் சுற்றறிக்கைகளும் வந்தன. ரமழான் நெருங்கும்போது பொது நிருவாக அமைச்சு, முஸ்லிம் உத்தியோகத்தர்கள் தொழுகையிலும் மத அனுட்டானங்களிலும் ஈடுபடக் கூடியவாறு கடமை நேரத்தை ஒழுங்குபடுத்துமாறு நிறுவனங்களுக்கு அறிவிப்பது வழக்கமாயிற்று. விசேட லீவு தவிர்க்க முடியாத சந்தர்ப்பத்தில் மட்டுமே. பெருநாள் முற்பணமும் உண்டு. அரசாங்க முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழான் விடுமுறை தனியாக உள்ளது. சிங்கள, தமிழ்ப் பாடசாலைகளில் கற்பிக்கும் நமது ஆசிரியைகளுக்கு அது இல்லை. தேசியப் பரீட்சைகளுக்கும் அது தெரியாது. 2010, 2011 ஆகஸ்ட் மாதங்களில் உயர்தரப் பரீட்சையும், 2025 மார்ச்சில் சாதாரண தரப் பரீட்சையும் நோன்பிலேயே எழுதப்பட்டன. அந்த மார்ச் பரீட்சையை எழுதியவர்களில் என் பேரனும் ஒருவன்.

எழுத்தில் உள்ள ஏற்பாடு எவ்வளவு எளிதில் ஆட்டம் காணும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களுக்குப் பின் வந்த ரமழானில், மே நடுப்பகுதியில், வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் நமது கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதே நோன்பு மாதத்தில், மே 29ஆம் திகதி, அரச அலுவலகப் பெண்கள் சேலை அணிய வேண்டுமென்ற சுற்றறிக்கை வெளியாயிற்று. ஸஹர் சமைத்துவிட்டு அபாயாவோடு வேலைக்குப் போன பெண்கள் சில இடங்களில் வாசலில் நிறுத்தப்பட்டார்கள். எதிர்ப்பின் பின் அது திருத்தப்பட்டது. பாய் விரிக்க இடம் காட்டிய அந்தப் பிரதம லிகிதரை நான் அன்று அதிகம் நினைத்தேன்.

பிற நாடுகளின் அனுபவமும் ஒப்பிடத்தக்கது. 1960இல் துனீசியாவின் ஜனாதிபதி ஹபீப் பூர்கீபா, நாட்டின் பின்தங்கிய நிலைக்கு எதிரான உழைப்பும் ஒரு ஜிஹாத். அதற்காகத் தொழிலாளர் நோன்பை விடலாம் என்று வாதித்தார். மக்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. சவூதி அரேபியா எதிர்வழியில் சென்றது: அந்நாட்டுத் தொழிற் சட்டம் ரமழானில் முஸ்லிம் ஊழியரின் வேலையை நாளொன்றுக்கு 6 மணித்தியாலத்துக்கு மேற்படாமல் வரையறுக்கிறது. நல்ல சட்டம். ஆனால் வீட்டுப் பணியாளர் அந்தத் தொழிற் சட்டத்துக்குள் வருவதில்லை. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து வளைகுடாவுக்குப் போன நமது பெண்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்களே. எசமானின் வேலைநாள் குறைந்த மாதத்தில் இவர்களின் வேலைநாள் நீண்டது. இப்தார் விருந்து, இரவு விருந்தாளிகள், பின் ஸஹர் என்று அடுப்பு அணைவதேயில்லை என்பதை எங்கள் தெருவில் திரும்பி வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கணக்கில் வராத வேலைநாள்

இங்கேதான் இந்த வரலாற்றில் எனக்குள்ள உறுத்தலைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் இறுதியில் ஒரு நோன்பு நாள். பிற்பகல் மூன்று மணியிருக்கும். அநாதைகள், விதவைகள் ஓய்வூதியம் தொடர்பாக ஒரு வயதான பெண் என் மேசைக்கு முன் வந்து நின்றார். கோவையைத் தேடியெடுக்கக் கீழ்மாடிக்கு இறங்க வேண்டும். தலை சுற்றியது. "நோன்பு நேரம் உம்மா, நாளைக்கு வாங்களேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த நாளும் வந்தார். கோவையைப் பார்த்தபோதுதான் முகவரி கண்ணில் பட்டது. ஐம்பது மைலுக்கு அப்பாலிருந்து, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். "நேற்றும் நோன்பா உம்மா?" என்று கேட்டேன். "ஓம் மகன், நேத்தும் நோன்பு, இண்டைக்கும் நோன்பு" என்றார். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை.

அன்று நான் என் நோன்பின் பாரத்தை இறக்கி வைத்தது அவருடைய தோளில். எந்தச் சுற்றறிக்கையும் அதற்கு அனுமதி தரவில்லை. எந்த மத்ஹபும் தராது. பிரதம லிகிதர் எனக்குத் தந்த சலுகையில் அவர் தம் வேலையைக் கூட்டிக்கொண்டார். வாப்பா வெட்டுக்காரருக்குத் தந்த சலுகையில் நாலு நாள் பிந்திய அறுவடையைத் தாமே தாங்கினார். நானோ என் சலுகையை இன்னொரு நோன்பாளியிடமிருந்து கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு வீட்டையும் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். 1959இல் களவெட்டிக்குப் போன ஸஹர்ச் சோற்றை யார் ஆக்கினார்கள்? உம்மா இரவு ஒன்றரைக்கு எழும்புவார். பக்கீர் பாவா தாயிரா தட்டித் தெருவுக்கு வருவதற்கு முன்பே எங்கள் அடுப்பு எரியும். வாப்பாவும் வெட்டுக்காரரும் பத்து மணிக்கு மரநிழலில் படுத்தபோது உம்மா நெல் அவித்துக்கொண்டிருந்தார். பகலை இரவாகப் புரட்டினோம் என்று மேலே எழுதினேன். உம்மாவுக்குப் பகலும் இருந்தது, இரவும் இருந்தது. புரட்டிப் போட ஒன்றும் இருக்கவில்லை.

என் மனைவியின் கதையும் வேறல்ல. 1997இன் அரை மணித்தியாலம் எனக்கு ஆறுதலாக வீடு வர உதவியது. அவளுக்குச் சமையல் அரை மணித்தியாலம் பிந்தி முடிந்தது; அவ்வளவுதான். 2020 ரமழானில் ஊரடங்கு. பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டு, தராவீஹ் வீடுகளுக்கு வந்தது. கந்தோர்களும் கடைகளும் மூடியிருந்தன. நாடு முழுவதற்கும் வேலைநாளே இல்லாத ஒரு ரமழான் என்று நண்பர்கள் பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் ஏழு பேர் ஒன்றாக முடங்கியிருந்தோம். அடுப்படிக்கு விடுமுறை கிடைக்கவில்லை. 2022 ஏப்ரலில் எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பல மணித்தியால மின்வெட்டு. காலிமுகத்திடல் போராட்டக்களத்தில் எல்லா இனத்தவரும் சேர்ந்திருந்து நோன்பு துறந்த படங்களைப் பார்த்து மகிழ்ந்தோம். அதே நாட்களில் நமது பெண்கள் நோன்போடு எரிவாயு வரிசையில் வெற்றுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு நின்றதையும் வரலாறு சேர்த்து எழுத வேண்டும்.

நோன்பையும் தொழுகையையும் வேலையையும் சமன் செய்தோம் என்று நாம் பெருமை பேசும்போதெல்லாம், அந்தத் தராசின் மற்றத் தட்டில் யார் நின்றார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. சில வேளை ஒரு பௌத்த மேலதிகாரி. சில வேளை நாலு நாள் நட்டத்தைப் பொறுத்த ஒரு காணிக்காரன். பெரும்பாலும் நமது வீட்டுப் பெண்கள். முன்னைய இருவரும் விரும்பிக் கொடுத்தார்கள். பெண்களிடம் நாம் கேட்கவேயில்லை.

நேர அட்டைகளையும் சுற்றறிக்கைகளையும் வைத்திருப்போர் எறிந்துவிடாமல் பேணுங்கள். அவற்றோடு, உங்கள் உம்மாமாரும் மூத்தம்மாமாரும் உயிரோடு இருந்தால், ரமழானில் எத்தனை மணிக்கு எழும்பினார்கள், எத்தனை மணிக்குப் படுத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். என் உம்மாவிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இப்போது அவர் இல்லை.

பேரன் பரீட்சை எழுதிய அந்த மார்ச் மாதத்தில் ஸஹருக்குத் தேங்காய் துருவும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் விரலை வெட்டிக்கொண்டேன். மனைவி சிரித்துவிட்டு, "நீங்க போய்ப் படுங்க, நான் செய்றன்" என்றாள். போகவில்லை. நோன்பு முடியும்வரை எல்லா நாளும் துருவினேன்.